சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குக் காரில்: மூன்று உள்நாட்டுச் சாலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போவதென்று முடிவெடுத்தவர்கள் மேப்பைத் திறந்தால், அது ஹியூம் ஹைவே, பிறகு ஸ்டர்ட் ஹைவே என்று ஒரே கோடாகப் போட்டுக் காட்டும். சுமார் 1,400 கிலோமீட்டர். அந்தக் கோட்டில் தவறில்லை. ஆனால் அது தூரத்தையும் வேகத்தையும் மட்டும் பார்த்துப் போட்ட கோடு. கடற்கரையை விட்டு விலகி உள்நாட்டில் கார் ஓட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சூரியன் மறையும் நேரத்தில் எந்த ஊரில் இருப்பீர்கள்? அந்த ஊரில் படுக்க அறையும், எட்டு மணிக்கு மேல் சாப்பாடும் கிடைக்குமா? மூன்று சாலைகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலாவது ஸ்டர்ட் வழி: வாகா வாகா, நரண்டெரா, ஹே, பல்ரானல்ட், மில்டூரா, ரென்மார்க். இரண்டாவது மர்ரே வழி: ஆல்பரி வரை ஹியூம், பிறகு மர்ரே ஆற்றை ஒட்டி எச்சூக்கா, ஸ்வான் ஹில், மில்டூரா. ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர். மூன்றாவது பேரியர் வழி: டப்போ, நின்கன், கோபார், வில்கேனியா, புரோக்கன் ஹில். 1,650 கிலோமீட்டர் வரும்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், மூன்று நாள் மட்டுமே உள்ளவர்கள் ஸ்டர்ட் வழியில் போங்கள். நான்கு அல்லது ஐந்து நாள் கையில் இருந்து, ஆற்றைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மர்ரே வழி. பேரியர் வழி பாலை நிலத்தின் விளிம்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. அதிலும் காரில் ஓட்டத் தெரிந்தவர்கள் இருவராவது இருந்தால் மட்டுமே.

ஸ்டர்ட் வழி

ஹியூம் ஹைவே சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை முழுக்கவே இருபுறமும் பிரிக்கப்பட்ட நால்வழிச் சாலை. 2013-இல்தான் கடைசித் துண்டும் முடிந்தது. ஆகவே முதல் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் அலுப்பே தவிர ஆபத்தில்லை. டார்கட்டாவுக்குச் சற்று முன்னால் ஸ்டர்ட் ஹைவே பிரிகிறது. அங்கிருந்து கதை மாறும்: போக ஒரு தடம், வர ஒரு தடம், இடையிடையே முந்திச் செல்லக் கூடுதல் தடம்.

சிட்னியிலிருந்து வாகா வாகா 460 கிலோமீட்டர். அடுத்த 100-இல் நரண்டெரா. முதல் இரவை இந்த இரண்டில் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் நரண்டெரா பக்கம் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் எட்டேகால் ஆகும். குளிர்காலத்தில் சிட்னியை விட்டுக் காலை ஆறரைக்குக் கிளம்பினால் நரண்டெரா வசதியாக வரும். ஒன்பதரைக்குக் கிளம்புகிற குடும்பம் வாகாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாகா பெரிய ஊர். இரவு தாமதமாக வந்தாலும் ஏதாவது கிடைக்கும். நரண்டெரா அளவுள்ள ஊர்களில் பப் சமையலறை எட்டு, எட்டரைக்கு அடைத்துவிடுவார்கள்.

நரண்டெராவிலிருந்து ஹே 170 கிலோமீட்டர், நேர்கோடு. அவசரமில்லாதவர்கள் இங்கே ஒரு சுற்று எடுக்கலாம்: நரண்டெராவிலிருந்து லீட்டன், கிரிஃபித், கூல்கோவி வழியாக ஹே. கூடுதலாக 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இந்தப் பயணம் முழுவதிலும் விவசாயம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மர்ரம்பிட்ஜி ஆற்றுத் தண்ணீர் 1912 முதல் கால்வாயில் பாய்கிற பாசனப் பகுதி இது. ஆரஞ்சுத் தோப்பு, திராட்சை, பருத்தி, எல்லாவற்றுக்கும் நடுவே நெல். நாற்றங்காலும் நடவும் இங்கே கிடையாது. முளைகட்டிய விதையைச் சிறு விமானத்திலிருந்து, தண்ணீர் கட்டிய வயலில் தூவுவது நெடுநாள் வழக்கம். தண்ணீரை மிச்சப்படுத்த இப்போது காய்ந்த மண்ணிலேயே இயந்திரத்தால் விதைப்பது கூடிவருகிறது. விதைப்பு அக்டோபரை ஒட்டி, அறுவடை மார்ச்சிலிருந்து மே வரை. டிசம்பர், ஜனவரியில் போனால் பச்சை வயல் தெரியும். ஜூலையில் போய்த் தேடினால் தாள்தான் மிச்சம். வறட்சி ஆண்டுகளில் நெல்லுக்குத் தண்ணீர் ஒதுக்கீடு கிடைக்காது. 2019, 2020 அறுவடைகள் அப்படித்தான் படுத்தன. கிரிஃபித்தில் இத்தாலியக் குடும்பங்களும் பஞ்சாபிக் குடும்பங்களும் நிறைய. மரக்கறிச் சாப்பாடு தேடுகிறவர்கள் மதிய உணவை இந்த ஊரில் முடித்துக்கொண்டால், அதன்பின் மில்டூரா வரை சிப்ஸையும் சீஸ் சாண்ட்விச்சையும் நம்ப வேண்டியிருக்காது.

ஹேயைத் தாண்டினால் சமவெளி. மரம் இல்லை, மேடு இல்லை. உப்புப் புதர்தான் கண்ணுக்கெட்டிய வரை. பலர் இதை "ஒன்றுமே இல்லாத இடம்" என்று வேகமாகக் கடப்பார்கள். எங்கள் கணிப்பில், தூக்கம் வருகிற இடம் என்பதுதான் இதன் உண்மையான ஆபத்து. ஹே முதல் பல்ரானல்ட் வரை 130 கிலோமீட்டர் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேலை இருக்காது. ஹேயில் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வெயிலில் இந்தத் துண்டில் ஏறாதீர்கள். ஓட்டுநரை ஹேயில் மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் நிற்க ஒரு காரணமும் உண்டு: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் டுனேரா கப்பலில் 1940-இல் அனுப்பிவைத்த, பெரும்பாலும் யூத அகதிகளை அடைத்து வைத்த முகாம் இங்கே இருந்தது. பழைய ரயில் நிலையத்தில் அதற்கென்று சிறு காட்சிக்கூடம் இருக்கிறது.

பல்ரானல்டிலிருந்து மில்டூரா 160. பாதி வழியில் யூஸ்டன், ஆற்றின் அக்கரையில் ராபின்வேல். சுற்றிலும் வாதுமைத் தோப்புகள். ஆகஸ்ட் முதல் பாதியில் அவை பூத்திருக்கும். யூஸ்டனில் ஆற்றுக்குக் குறுக்கே இருப்பது 15-ஆம் எண் லாக், அதாவது படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகு. மில்டூராவில் இருப்பது 11. நடுவில் உள்ள எண்கள் எங்கே என்று குழம்ப வேண்டாம். 26 திட்டமிட்டு, 13 மட்டுமே கட்டினார்கள். எண்கள் பழைய திட்டத்திலேயே நின்றுவிட்டன.

இரண்டாம் இரவு மில்டூரா. கனடாவில் பிறந்த சேஃபி சகோதரர்கள் 1887-இல் பாசனக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். உலர்திராட்சைக்குப் பேர்பெற்றது. இந்த வழியில் வாகாவுக்குப் பிறகு வருகிற பெரிய ஊரும் இதுதான். நாள் மீதமிருந்தால் இன்னொரு இரவு தங்கி, 30 கிலோமீட்டரில் உள்ள வென்ட்வொர்த்தில் டார்லிங் ஆறு மர்ரேயோடு கலப்பதைப் பார்க்கலாம். இரண்டு ஆற்றுத் தண்ணீரின் நிறமும் பல நாட்களில் தனித்தனியாகத் தெரியும்.

மூன்றாம் நாள் மில்டூராவிலிருந்து அடிலெய்டு 400 கிலோமீட்டர். ரென்மார்க், பெர்ரி, வைக்கரி என்று ஆற்றங்கரைப் பழத்தோட்ட ஊர்கள். ப்ளாஞ்ச்டவுனில் கடைசியாக மர்ரேயைக் கடந்து பரோசா பக்கம் இறங்கும் சாலை. அடிலெய்டுக்குள் நுழையும்போது மாலை நெரிசல் என்றால் அரை மணி நேரம் கூடும்.

மர்ரே வழி

இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒன்றே: ஊர்கள் நெருக்கமாக வரும். ஆல்பரி சிட்னியிலிருந்து 555 கிலோமீட்டர். அங்கிருந்து எச்சூக்கா 230, ஸ்வான் ஹில் மேலும் 155, மில்டூரா மேலும் 220. எங்கே இருட்டினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மோட்டல் கிடைக்கும். பெட்ரோல் கவலையே இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் வேகம் 50-க்கு இறங்கும். விக்டோரியாவில் பெரும்பாலும் 100 தான் உச்சம். பால் டேங்கர், டிராக்டர், கேரவன் என்று முன்னால் ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். மேப் சொல்லும் நேரத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்சூக்காவில் செம்மரத்துறை என்று சொல்லத்தக்க ஒரு பழைய படகுத்துறை இருக்கிறது. ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரத்தால் கட்டியது. நீராவிப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் அடிலெய்டு என்ற படகு 1866-இல் கட்டப்பட்டது. கோப்ரம், எச்சூக்கா நடுவே பார்மா காடு, ரெட் கம் மரங்களின் மிகப் பெரிய காடு. கோடையில் கொசு கடுமையாக இருக்கும். ஆற்றோர முகாம்களில் ரெட் கம் கிளைக்கு நேர் கீழே கூடாரம் போடவே கூடாது. காற்றில்லாத வெயில் நாளிலும் பெரிய கிளை முன்னறிவிப்பில்லாமல் முறிந்து விழும். ஆற்றில் குளிக்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை: மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் மூழ்கிய மரங்களும் இழுப்பும் இருக்கும். தலைகீழாகக் குதிக்க வேண்டாம்.

வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது என்றால், யோசிக்காமல் இந்த வழிதான். ஒவ்வொரு ஊர்ப் பூங்காவிலும் சுத்தமான கழிப்பறை, நிழல், பெரும்பாலும் இலவச மின் பார்பிக்யூ தட்டு இருக்கும். தோசைக்கல்லை மேலே வைத்தோ, தட்டின் மீது அலுமினியத் தாளைப் போட்டோ காலை உணவை முடித்துக்கொள்ளலாம்.

பேரியர் வழி

சிட்னியிலிருந்து டப்போ 390 கிலோமீட்டர்தான். ஆனால் புளூ மவுன்டன்ஸ் ஏறி இறங்குவதால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. டப்போவிலிருந்து நின்கன் 165, கோபார் மேலும் 130. டப்போவை விட்டதும் நாரோமைன், டிராங்கி பக்கம் கோதுமையும் பருத்தியும். நின்கன் தாண்டியதும் விவசாயம் மெல்ல ஆட்டு மாட்டு மேய்ச்சலாக மாறி, கோபாருக்கு மேற்கே செம்மண் மட்டும் மிஞ்சும்.

சிக்கல் கோபாருக்கும் வில்கேனியாவுக்கும் இடையில். 260 கிலோமீட்டர். நடுவில் எம்டேல் ரோட்ஹவுஸ் ஒன்றுதான். காட்டு ஆடு, ஈமு, கங்காரு மூன்றும் சாலையோரம் மேயும். பகலிலும் ஆடு குறுக்கே வரும். வில்கேனியாவிலிருந்து புரோக்கன் ஹில் மேலும் 195. ஆக, இரண்டாம் நாளை நின்கனிலிருந்து தொடங்கினால் 585 கிலோமீட்டர் ஓட்டித்தான் தீர வேண்டும். இடையில் தங்க கோபாரை விட்டால் நல்ல தேர்வு கிடையாது. குளிர்காலப் பகலில் இது இறுக்கமான கணக்கு. டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனாலே இருட்டில் ஓட்டும்படி ஆகும். இதனால்தான் முதல் பயணத்துக்கு இந்தச் சாலையைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். காட்சியில் குறை ஒன்றுமில்லை.

புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலியாவுடையது, அரை மணி நேரம் பின்னால். மோட்டலில் இரவு எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னால் எந்த எட்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கிருந்து அடிலெய்டு 515. முதல் எரிபொருள் சுமார் 200 கிலோமீட்டரில் யுண்டா. டெரோவி, பர்ரா பக்கம் வரும்போது கூரையில்லாத கல் வீடுகள் தென்படும். 1865-இல் நில அளவையாளர் கொய்டர் ஒரு கோடு போட்டு, இதற்கு வடக்கே பயிர் செய்ய மழை போதாது என்றார். நல்ல மழை பெய்த சில ஆண்டுகளை நம்பி வடக்கே போன குடும்பங்கள் விட்டுவந்த வீடுகளும் இவற்றில் உண்டு.

மழை, தூசி, வெள்ளம்

மூன்று பெருஞ்சாலைகளும் தார் போட்டவை. சிக்கல் கிளைச் சாலைகளில்தான். மில்டூராவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் முங்கோ தேசியப் பூங்கா. 1968-லும் 1974-லும் அங்கே கிடைத்த மனித எச்சங்கள் ஏறத்தாழ 42,000 ஆண்டுப் பழமை. பார்க்கத் தகுந்த இடம்தான். ஆனால் போகிற வழியில் கணிசமான பகுதி மண் சாலை. மழை பெய்தால் களிமண் சக்கரத்தோடு ஒட்டி உருளும், நால்சக்கர இயக்கமும் உதவாது. சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் போனால் அபராதம். உள்ளே எரிபொருள் கிடையாது. வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண் சாலைக்கு அனுமதி இல்லை, சேதமானால் முழுச் செலவும் உங்கள் தலையில். வாடகைக் காரில் போகிறவர்கள் மில்டூராவிலிருந்து வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவைப் பதிவு செய்வதே கட்டுப்படியாகும். எப்படியும் வால்ஸ் ஆஃப் சைனா மணல்மேட்டில் வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியாது.

ஆற்று வெள்ளம் இங்கே மெதுவாக வரும். மேலே மலையில் பெய்த மழை ரென்மார்க்கை எட்ட வாரக்கணக்காகும். 2022 கடைசியில் தொடங்கி 2023 ஜனவரி வரை தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஏறியது அப்படித்தான். 1956-க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. வானம் தெளிவாக இருக்கிறது என்பதால் ஆற்றோர முகாம் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கிளம்பும் நாள் காலை லைவ் டிராஃபிக் என்எஸ்டபிள்யூ தளத்தையும், அடுத்த மாநிலத்தின் தளத்தையும் பாருங்கள்.

கோடையில் மில்டூராவில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். ஜனவரியில்தான் போயாக வேண்டும் என்றால் ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் தனியாக வையுங்கள். குடிக்க வைத்ததை ரேடியேட்டருக்கு எடுக்காதீர்கள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நான்கும் நல்ல மாதங்கள். வசந்தத்தில் சில ஆண்டுகள் வெட்டுக்கிளி கூட்டமாக வந்து ரேடியேட்டரை அடைத்துவிடும். முன் கிரில்லில் வலை கட்டினால் எஞ்சின் சூடேறாது.

சாலையில் தவறுகிற இடங்கள்

கங்காரு விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வரும். ஓரத்துப் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருப்பதுதான் காரணம். சாலையிலிருந்து வழிந்தோடும் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வந்துவிட்டால் நேராகப் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். 110 வேகத்தில் ஒடித்தால் கார் சரளையில் இறங்கிக் கவிழும். கங்காருவை இடித்தால் பெரும்பாலும் பானெட்டோடு போகும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்: நகர எல்லைக்கு வெளியே, சூரியன் மறைந்து உதிக்கும் வரை ஓட்டினால் விலங்கு மோதலுக்குக் காப்பீடு இல்லை என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

மேற்கே போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, மாலைச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பூச்சி அடித்த கண்ணாடியில் அந்த வெளிச்சம் பட்டால் எதிரே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கண்ணாடியைத் துடையுங்கள். வெறும் வாஷர் தண்ணீர் போதாது, பங்கில் இருக்கும் வாளியும் தேய்ப்பானும்தான் வேலை செய்யும்.

மேற்கே போகப் போக, பின்னால் பல பெட்டிகளை இழுக்கும் ரோட் ட்ரெய்ன் லாரிகள் வரும், 36.5 மீட்டர் நீளம் வரை. முந்துவதற்கு ஒரு கணக்கு. லாரி 90-இல், நீங்கள் 110-இல் என்றால் வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரி நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்து 100 மீட்டரைக் கடக்க 18 நொடி. அதற்குள் நீங்கள் 550 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே வருகிறவரும் அதே அளவு வந்திருப்பார். ஆக, 1.1 கிலோமீட்டர் வெறுமையாகத் தெரிய வேண்டும். லாரி 100-இல் போனால் இது இரட்டிப்பாகும். அடுத்த முந்தும் தடம் வரை பின்னால் போவதே மேல். அதிகம் போனால் பத்து நிமிடம் இழப்பீர்கள்.

எரிபொருளில், காரின் கையேட்டில் உள்ள கணக்கை நம்பக் கூடாது. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார், மேலே பெட்டி கட்டி, மேற்குக் காற்றை எதிர்த்து 110-இல் போனால் 10-ஐத் தாண்டும். 50 லிட்டர் டேங்கில் கடைசி 10 லிட்டரைக் கணக்கில் எடுக்காவிட்டால் 400 கிலோமீட்டர். ஸ்டர்ட் வழியில் இது தாராளம். பேரியரில் கோபாரிலும் வில்கேனியாவிலும் புரோக்கன் ஹில்லிலும் நிரப்பியே ஆக வேண்டும். சிறு ஊர் பங்குகள் இரவு மூடிவிடும் என்பதால் பாதி டேங்கில் நிரப்பும் பழக்கம் நல்லது. மின்சாரக் காருக்கு ஸ்டர்ட் வழிதான். அடுத்த சார்ஜர் பழுதாக இருந்தால் அதற்கடுத்ததை எட்டும் அளவு மின்சாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழம், காய், கறிவேப்பிலை

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வரக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பு. ஸ்டர்ட் ஹைவேயில் எல்லை தாண்டியதும் யாம்பா சோதனைச் சாவடி, இரவு பகல் எப்போதும் ஆள் உண்டு. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம், எலுமிச்சை, கடையில் வாங்கி ரசீது வைத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பிடிபட்டால் அபராதம் பழத்தின் விலையோடு ஒப்பிடவே முடியாது. வீட்டுக் கறிவேப்பிலைக் கொத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. சமைத்ததற்குத் தடையில்லை. ஆகவே மில்டூரா மோட்டலிலேயே மிச்சக் காய்களை வதக்கித் தொக்காக்கி டப்பாவில் அடைத்துவிடலாம். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கேள்வியின்றிப் போகும். பேரியர் வழியில் சாவடி ஊட்லா விர்ராவில், யுண்டாவுக்கும் அப்பால். எல்லைக் கோட்டில் யாரும் நிறுத்தவில்லையே என்று பழத்தை மறந்துவிடுகிறவர்கள் அங்கே மாட்டுவார்கள்.

அடிலெய்டிலிருந்து திரும்பும்போது அதே சாலையில் வர வேண்டியதில்லை. போக ஸ்டர்ட், வர மர்ரே என்று வைத்தால் மில்டூரா வரைதான் வழி ஒன்றாக இருக்கும். கிழக்கே வரும்போது காலைச் சூரியன் கண்ணில் அடிக்கும், அரை மணி நேரமும் கடிகாரத்தில் போய்விடும். அதனால் திரும்பும் நாட்களில் ஒன்பது மணிக்குக் கிளம்பி, ஒரு நாள் தூரத்தை 50 கிலோமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வார இறுதியாக இருந்தால் நியூ சவுத் வேல்ஸில் வேக மீறலுக்கு ஓட்டுநர் உரிமத்தில் இரட்டைத் தண்டப் புள்ளிகள் சேர்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.